பீப்பாய்கள் போன பிறகு: வாழைச்சேனை வீதியில் வேகத்தின் கணக்கு

ஓட்டமாவடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், பிரதான வீதியோரத் தேநீர்க்கடை ஒன்றின் வாங்கில் இருந்துகொண்டு கைபேசியில் நேரம் பார்ப்பது சில நாட்களாக எனக்கு வேலையாகிப்போனது. முறை எளியது. வீதியோரமாக அளவு நாடாவால் 50 மீற்றர் அளந்து, இரு முனையிலும் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். வாகனத்தின் முன் சில்லு முதற்கோட்டைத் தொடும்போது கடிகாரத்தைத் தொடக்கி, இரண்டாவது கோட்டில் நிறுத்த வேண்டும். 3.6 செக்கன் எடுத்தால் அது மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. 2.6 செக்கன் என்றால் 70ஐ நெருங்கிவிட்டது. பாடசாலை விட்ட நேரத்தில் வந்த ஒரு பேருந்து இரண்டரைச் செக்கனுக்குள் இரண்டு கோடுகளையும் தாண்டிப் போனது.

கடைக்காரக் காக்கா எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, அவன் ரைம் பிடிக்கிறான். பின்னால அடுத்த பஸ் வருதெல்லா. முந்தினாத்தான் அவனுக்குச் சனம்."

கைபேசியால் அளந்த கணக்கில் அரைச் செக்கன் முன்பின் இருக்கும். அதனால் இதை ஆய்வென்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வாங்கில் இருந்தபோது எழுந்த கேள்வியைத்தான் இந்தக் கட்டுரை தொடர்கிறது. ஒரு வீதியில் இவ்வளவு வேகம்தான் போகலாம் என்பதை யார், எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்? அந்தத் தீர்மானத்தில், வீதியைக் குறுக்கே கடக்கும் ஆளின் உடம்பு எங்காவது கணக்கில் வருகிறதா?

சட்டத்தின் எண்கள் முதலில். இலங்கையில் வீதிப் போக்குவரத்தை ஆள்வது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் கீழ் வர்த்தமானியில் வெளியாகும் ஒழுங்குவிதிகளும். கார், பேருந்து, மோட்டார் சைக்கிள் ஆகியவற்றுக்குக் குடிமனைகள் நெருங்கிய பகுதியில் 50 கிலோமீற்றர், அதற்கு வெளியே 70 கிலோமீற்றர். முச்சக்கரவண்டிக்கு 40. அதிவேக நெடுஞ்சாலையில் 100. எண்கள் இவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால் 70 முடிந்து 50 தொடங்கும் இடம் எது என்பதை ஓட்டுகிறவருக்கு வீதி சொல்வதில்லை. கிரானைத் தாண்டி வரும் ஒரு கொழும்பு வான் சாரதிக்கு, வெட்டையான நிலத்திலிருந்து ஊருக்குள் நுழைந்துவிட்டோம் என்று உணர்த்துவதற்குக் கடைகளின் பெயர்ப்பலகைகளைத் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. தார் அதே தார், அகலம் அதே அகலம், நடுக்கோடு அதே நடுக்கோடு.

வாழைச்சேனை ஒரு மாநகரம் அல்ல. ஆனாலும் இதன் வீதி சின்ன ஊர் வீதியும் அல்ல. மட்டக்களப்பையும் திருகோணமலையையும் இணைக்கும் ஏ15 இவ்வழியேதான் போகிறது. ஓட்டமாவடியைத் தாண்டினால் நாவலடிச் சந்தியில் பொலன்னறுவைப் பக்கமிருந்து வரும் ஏ11 சேர்கிறது. கொழும்பிலிருந்து வரும் இரவுப் பேருந்துகள், மீன் ஏற்றிய கூலர் லொறிகள், பாசிக்குடா ஹோட்டல்களுக்கு வெளிநாட்டவரை ஏற்றிப்போகும் வான்கள், வயலுக்குப் போகும் லேண்ட்மாஸ்டர்கள், வெள்ளைச் சீருடையில் சைக்கிளில் போகும் பிள்ளைகள், வீதிக்கு நடுவே சாவகாசமாகப் படுத்து அசைபோடும் கட்டாக்காலி மாடுகள் என்று எல்லோருக்கும் இருப்பது ஒரே தார்ப்பட்டைதான்.

வேகம் இல்லாத வீதி ஒன்று இருந்தது

நான் பாடசாலைக்குப் போன காலத்தில் இந்த வீதியில் யாரும் வேகமாகப் போனதில்லை. போக முடியாது. சோதனைச்சாவடிக்கு முன்னால் தார்ப் பீப்பாய்களில் மண் நிரப்பி, ஒன்று இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்திருப்பார்கள். பேருந்து பாம்புபோல் நெளிந்து நெளிந்து வர வேண்டும். பிறகு நிற்கும். எல்லோரும் இறங்கி அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து, அடுத்த பக்கத்தில் மறுபடியும் ஏற வேண்டும். மட்டக்களப்புக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, கேட்பதுமில்லை.

ஓட்டமாவடிப் பாலமும் அப்படித்தான். பழைய இரும்புப் பாலத்தில் ரயிலும் பேருந்தும் ஒரே தளத்தில் போயின. ரயில் வந்தால் வீதி நிற்கும். இந்தப் பக்க வாகனம் வந்து முடியுமட்டும் அந்தப் பக்க வாகனம் காத்திருக்கும். மன்னம்பிட்டியிலும் அதே கதை. இன்று இரண்டு இடத்திலும் வீதிக்கென்று தனிப்பாலம் இருக்கிறது, பழையதை ரயில் வைத்துக்கொண்டது.

போர் முடிந்த பிறகு எங்களுக்குக் கண்ணால் காணும்படி கிடைத்த முதல் பொருள் வீதிதான் என்று சொல்லலாம். காணாமல் போனவர்களுக்குப் பதில் வரவில்லை, காணிகள் பல வரவில்லை, காபட் வீதி வந்தது. அதில் எனக்குக் குறையில்லை. பிரசவ வலியோடு வாகரையிலிருந்து குண்டும் குழியுமான பாதையில் வந்தவர்களைக் கேட்டால் நல்ல வீதியின் அருமை தெரியும். குறை வேறு. பீப்பாய்களை எடுத்தவர்கள் அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. வீதியை வாகனத்துக்காக மட்டும் வரைந்தார்கள். அதன் கரையில் குடியிருப்பவர்களுக்கு அது முற்றத்தின் தொடர்ச்சி என்பது அந்த வரைபடத்தில் இல்லை.

இடியப்பம் அவித்து வீதியோரம் விற்கும் ஒரு மாமியை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். 1990இல் கொண்டுபோகப்பட்ட கணவர் இன்றுவரை திரும்பவில்லை. தனியாக வளர்த்தெடுத்த மகன், போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து, வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது எதிரே முந்திக்கொண்டு வந்த வாகனத்தில் மோதி இறந்தார். மாமி ஒருநாள் சொன்னார்: "கேம்ப் இரிக்கக்குள்ள இந்த ரோட்டால ஒருத்தரும் பறக்கல்ல புள்ள. அப்ப வேற பயம். இப்ப ரோட்டக் கடக்கப் பயம். கிறுகிப் பாக்கக்குள்ள வந்து நிக்கிறான்."

முதல் இழப்புக்கு மாமி ஆணைக்குழுக்கள் முன்னால் சாட்சி சொல்லியிருக்கிறார், படத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றிருக்கிறார். இரண்டாவது இழப்பைப் பற்றிக் கேட்டால் "அவன்ட தலையெழுத்து" என்கிறார். விபத்து என்ற சொல்லே அப்படி ஒரு சொல். யாரும் செய்யாமல் தானாக நடந்தது என்று நம்மை நம்ப வைக்கிறது.

28 மீற்றர்

தானாக நடப்பதில்லை என்பதற்கு ஒரு சிறு கணக்கு. பள்ளிப் பௌதிகம் போதும்.

ஒரு பிள்ளை வீதிக்குள் ஓடி வருகிறது. சாரதி அதைக் கண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒரு செக்கன் ஆகிறது என்று வைப்போம். நல்ல பிரேக், காய்ந்த தார். 30 கிலோமீற்றர் வேகத்தில் வந்த வாகனம் ஏறத்தாழ 13 மீற்றரில் நின்றுவிடும். 50இல் வந்தது 28 மீற்றரில் நிற்கும். 70இல் வந்தது நிற்க 46 மீற்றர் வேண்டும்.

இப்போது பிள்ளை 28 மீற்றர் தூரத்தில் நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 50இல் வந்தவர் பிள்ளைக்கு முன்னால் நின்றுவிடுவார். நெஞ்சு படபடக்கும், இரண்டு வார்த்தை ஏசுவார், அவ்வளவுதான். 70இல் வந்தவர்? அவர் வெறும் 20 கிலோமீற்றர்தான் கூடுதலாக வந்தார். ஆனால் பிரேக்கை முழுதாக மிதித்த நிலையிலும், பிள்ளை நிற்கும் இடத்தை அடையும்போது அவருடைய வேகம் 58 கிலோமீற்றர் அளவில் இருக்கும். முதலாமவர் நின்றுவிட்ட அதே இடத்தில் இரண்டாமவர் 58இல் மோதுகிறார். இதை நான் மூன்று முறை போட்டுப் பார்த்தேன், நம்ப முடியாமல். காரணம் எளியது: பிரேக்கைத் தொடுமுன் கழியும் அந்த ஒரு செக்கனில் அவர் 19 மீற்றரைத் தின்றுவிடுகிறார். அதோடு நிறுத்த வேண்டிய சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 50க்கும் 70க்கும் இடையில் அது ஏறத்தாழ இரு மடங்கு.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் விகிதமும் இதே திசையில்தான். சராசரி வேகம் ஒரு வீதம் கூடினால் உயிர்போகும் விபத்துக்கான அபாயம் நான்கு வீதம் கூடுகிறது. நடந்து போகிறவரைக் காரின் முன்பக்கம் மோதும்போது, 50இலிருந்து 65க்கு வேகம் ஏறினால் அவர் இறப்பதற்கான வாய்ப்பு நாலரை மடங்காகிறது.

இன்னொரு கணக்கும் எங்கள் ஊருக்கென்றே உண்டு. இரு வழி ஓடுபாதையின் அகலம் ஏழு மீற்றர் என்று கொள்வோம். நல்ல காலுள்ள ஒருவர் ஆறு செக்கனில் கடந்துவிடுவார். செயற்கைக் காலோடு நடப்பவருக்கும் முழங்கால் நோவுள்ள மூதாட்டிக்கும் பத்துச் செக்கன் ஆகலாம். பத்துச் செக்கனில் 70இல் வரும் வாகனம் கிட்டத்தட்ட 195 மீற்றர் வந்துவிடும். அதாவது, இருநூறு மீற்றருக்கு அப்பால் புள்ளியாகத் தெரியும் லொறியின் வேகத்தை மதிப்பிட்டு அவர் காலெடுத்து வைக்க வேண்டும். எறிகணைச் சத்தத்தில் காது போனவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். ஹோர்ன் அடித்தேனே என்று சாரதி பிறகு சொல்லுவார்.

ஆகவே வேக எல்லை எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்பது முக்கியம். உலகின் பல நாடுகளில் பொறியியலாளர்கள் நெடுங்காலம் கையாண்ட முறை வினோதமானது. தடையில்லாத நேரத்தில் நூறு வாகனங்களில் 85 எந்த வேகத்துக்கு உட்பட்டுப் போகின்றன என்று அளந்து, அதற்குக் கிட்டிய எண்ணை எல்லையாகப் பலகையில் எழுதுவது. ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் நிதானமானவர்கள் என்பது அதன் அடிப்படை. ஓட்டுகிறவர்களின் வாக்கெடுப்பு என்று இதைச் சொல்லலாம். நடக்கிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் அதில் வாக்கு இல்லை. வீதியை அகலமாக்கி வழுவழுப்பாக்கினால் எல்லோரும் வேகமாகப் போவார்கள், அதை அளந்தால் எல்லை இன்னும் உயரும்.

இதற்கு எதிர்த்திசையில் யோசித்தது சுவீடன். 1997இல் அந்நாட்டு நாடாளுமன்றம் 'சுழியக் கொள்கை'யை ஏற்றுக்கொண்டது. வீதியில் ஒருவர்கூட இறக்கவோ படுகாயமடையவோ கூடாது என்பது இலக்கு. மனிதர் தவறு செய்வார்கள், அந்தத் தவறுக்கு உயிர் விலையாகக் கூடாது என்பது தொடக்கப்புள்ளி. எல்லை மனித உடம்பிலிருந்து வருகிறது. நடக்கிறவரும் வாகனமும் மோதக்கூடிய இடத்தில் 30. சந்தியில் ஒரு கார் இன்னொரு காரின் பக்கவாட்டில் மோதக்கூடிய இடத்தில் 50. நடுவில் தடுப்பில்லாமல் இரு வாகனம் நேருக்கு நேர் மோதக்கூடிய இடத்தில் 70. அதற்கு மேல் உடம்பு தாங்காது. 2020 பெப்ரவரியில் ஸ்டொக்ஹோமில் கூடிய நாடுகளின் பிரகடனமும், வாகனமும் மனிதரும் கலந்து புழங்கும் இடங்களில் உயர்ந்தபட்சம் 30 என்பதை வலியுறுத்தியது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் ஒஸ்லோவில் இருக்கிறார்கள். அங்கே 2019இல் நடந்து போனவர்களிலோ சைக்கிளில் போனவர்களிலோ ஒருவர்கூட வீதியில் இறக்கவில்லை. ஏழு லட்சம் பேர் அளவில் வாழும் தலைநகரம் அது. ஹெல்சிங்கியில் 2025 ஜூலையோடு முடிந்த ஓராண்டில் வீதி மரணமே இல்லை. அந்நகர வீதிகளில் பாதிக்கு மேல் எல்லை 30தான். "அங்கத்தைய ஆக்கள் ஒழுங்கு, நம்மட ஆக்கள் அப்படியில்லை" என்று இதற்குப் பதில் வரும். அங்கே போய்க் கார் ஓட்டுவதும் நம்மட ஆக்கள்தானே. ஓட்டமாவடிப் பாலத்தில் முந்திக்கொண்டு போனவர் ஒஸ்லோவில் 30 பலகைக்கு அடங்கி ஓட்டுகிறார் என்றால், மாறியது அவருடைய இரத்தம் அல்ல, வீதி. தமிழ்நாட்டிலும் இந்தப் பேச்சு தொடங்கிவிட்டது. சென்னை மாநகரக் காவல்துறை 2023 நவம்பரில் நகருக்குள் வேக எல்லைகளை மறுசீரமைத்தபோது குடியிருப்பு வீதிகளுக்கு 30 என்றே வைத்தது.

பேருந்துக்குள் இருப்பவர்கள்

வீதியில் நிற்பவருக்கு மட்டும் வந்த ஆபத்து அல்ல இது. உலக வங்கி 2020இல் வெளியிட்ட இலங்கை பற்றிய அறிக்கை, ஆண்டுக்குச் சராசரி 38,000 விபத்துகள், ஏறத்தாழ 3,000 மரணங்கள், 8,000 படுகாயங்கள் என்று கணக்கிட்டது. ஆள்வீத மரணத்தில் அயல் தெற்காசிய நாடுகளை விட நாம் முன்னால் நிற்கிறோம். இறப்பவர்களில் பெரும்பகுதி மோட்டார் சைக்கிளில் போகிறவர்களும் நடக்கிறவர்களும். ஆனால் நாடு துக்கம் அனுஷ்டிப்பது பேருந்து கவிழ்ந்தால் மட்டும். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கரண்டியெல்லவில் 20க்கு மேற்பட்டோர். அதே ஆண்டு செப்ரெம்பர் 4ஆம் திகதி எல்ல–வெல்லவாய வீதியில் 15 பேர்.

எங்களுக்கு மிக நெருங்கியது 2023 ஜூலை 9ஆம் திகதி நடந்தது. கதுறுவெலயிலிருந்து கிழக்குக் கரையை நோக்கிப் புறப்பட்ட தனியார் பேருந்து மன்னம்பிட்டி கொட்டலீய பாலத்திலிருந்து ஆற்றுக்குள் கவிழ்ந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர், பலர் காயமடைந்தனர். ஏ11இல் வந்துகொண்டிருந்த பேருந்து அது. விழாமல் இருந்திருந்தால் எங்கள் சந்தியைத் தாண்டிப் போயிருக்கும். அந்த வாரம் எல்லோரும் சாரதியைத் திட்டினார்கள். திட்டலாம். ஆனால் தேநீர்க்கடைக் காக்கா சொன்ன "ரைம்" என்ற சொல்லையும் யோசிக்க வேண்டும். நாளாந்தம் முதலாளிக்கு இவ்வளவு கட்ட வேண்டும், மிச்சம்தான் சாரதிக்கும் நடத்துநருக்கும் என்ற ஏற்பாட்டில், முன்னால் போகும் பேருந்து என்பது பறிபோகும் சோறு. நேர அட்டவணையும் மாதச் சம்பளமும் இல்லாத இடத்தில் வேக எல்லைப் பலகை அந்த மனிதரிடம் எதைச் சொல்லி நிறுத்தும்?

இதில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாழைச்சேனையும் ஓட்டமாவடியும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்கள், தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வீதியில் புழங்குகிறோம். விபத்தொன்று நடந்தால் கூட்டம் கேட்கும் முதல் கேள்வி, அடித்தது எந்த ஊர்க்காரன் என்பது. காயப்பட்டவர் தரையில் கிடப்பார். 58 கிலோமீற்றர் வேகத்தில் வரும் இரும்புக்கு அந்த வேறுபாடு தெரியாது.

யாரிடம் கேட்பது, எதைக் கேட்பது

வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று சொன்னவுடன் வரும் முதல் யோசனை, பொலிஸாரை நிறுத்துவது. வேகமானியோடு பொலிஸார் நிற்கும் நாளில் வேகம் குறையும் என்பது உண்மை. 2018இல் தண்டப்பணமும் உயர்த்தப்பட்டது, மீறல் கூடக்கூடத் தண்டமும் கூடும். ஆனால் இரண்டு காரணங்களால் நான் இதை மட்டும் நம்பமாட்டேன். ஒன்று, அரை கிலோமீற்றருக்கு முன்பே எதிர்வாகனம் லைட் அடித்துச் சொல்லிவிடும். இரண்டாவது எங்களுக்கே உரியது. சீருடை கையைக் காட்டி நிறுத்தும்போது இந்த ஊரில் ஒருவருக்கு நினைவு வருவது வேகம் அல்ல. என் வயதுக்காரர்கள் பலருக்கு இன்றும் அந்த நேரத்தில் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும், அடையாள அட்டையைத் தேடி. வீதிப் பாதுகாப்பு என்ற பெயரில் இன்னும் அதிகச் சீருடையைக் கேட்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பீப்பாய்கள் ஓர் உண்மையைக் காட்டிவிட்டுப் போயின. வீதியின் வடிவத்தை மாற்றினால், பலகையும் தண்டமும் இல்லாமலே வாகனம் மெதுவாகும். ஐரோப்பிய நகரங்களில் குடியிருப்பு வீதிகளை வேண்டுமென்றே நெளித்துக் கட்டுகிறார்கள், ஒரு பக்கம் மரம், மறுபக்கம் திண்ணை என்று மாற்றி மாற்றி வைத்து. துவக்கு இல்லை, மண்மூட்டை இல்லை, தத்துவம் அதேதான்.

ஏ15இன் நடுவே மரம் நடச் சொல்லவில்லை. ஊர் தொடங்கும் இடத்தில் வீதியைச் சற்று ஒடுக்கி, வாசல் போன்ற ஒரு அமைப்பையும் தெளிவான எல்லைப் பலகையையும் வைக்கலாம். பாடசாலை, வைத்தியசாலை, சந்தை, பள்ளிவாசல், கோயில் என்று சனம் கடக்கும் இடங்களில் மஞ்சள் கோட்டுக் கடவையை வெறும் பெயின்ராக விடாமல் நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தலாம். மேடாக இருந்தால் சாரதி தன் வாகனத்தின் அச்சுக்காகவாவது மெதுவாக்குவார். வீதியின் நடுவில் ஒருவர் நின்று மூச்சு விட ஒரு திட்டு இருந்தால், பத்துச் செக்கன் கடப்பை ஐந்தும் ஐந்துமாகப் பிரிக்கலாம். அந்தப் பகுதிக்கு மட்டும் எல்லை 30. ஒன்றரைக் கிலோமீற்றர் தூரத்துக்கு அப்படி வைத்தால் கொழும்புப் பேருந்துக்கு ஏற்படும் தாமதம் 72 செக்கன்.

ஊர்ச்சனம் தாங்களே சீமெந்தால் கட்டும் மேடுகளை நான் ஆதரிக்கவில்லை. பிள்ளை ஒன்று அடிபட்ட ஆத்திரத்தில் ஓர் இரவில் எழும்பும் அந்த மேட்டுக்கு வெள்ளைக்கோடும் இருக்காது, வெளிச்சமும் இருக்காது. அடுத்த கிழமை அதிலேயே ஒரு மோட்டார் சைக்கிள் பறக்கும், அநேகமாகப் பின்னால் ஹெல்மெட் இல்லாமல் இருந்த பெண்ணோடு.

ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி வீதிகள் மாகாணத்துக்கு. உள்ளூர் வீதிகள் பிரதேச சபைக்கு. ஆகவே பிரதான வீதிக்காகக் கோறளைப்பற்றுப் பிரதேச சபைத் தவிசாளரின் வாசலில் மட்டும் போய் நிற்பதில் பலனில்லை. ஆனால் கட்டாக்காலி மாடுகளைப் பிடித்து அடைத்து உரிமையாளருக்குத் தண்டம் விதிப்பது உள்ளூராட்சி மன்றங்களின் வேலை. கறுத்த மாடு, கறுத்த தார், விளக்கெரியாத கம்பம்: இரவில் மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு இதைவிட மோசமான சேர்க்கை இல்லை. மாட்டுக்காரரும் நம்மவர், அடிபடுகிறவரும் நம்மவர் என்பதால் சபைகள் வாய் திறக்கத் தயங்குகின்றன.

நடந்துவிட்டால் அழைக்க வேண்டியது 1990 சுவசெரிய அம்புலன்ஸ். இந்திய உதவியுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதற்கும் வந்த இலவசச் சேவை அது. அந்த எண்ணை இங்கே ஒருவரிடம் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது அம்புலன்ஸ் அல்ல. இதே ஏ15இல் இருக்கும் வந்தாறுமூலை வளாக அகதிமுகாமிலிருந்து செப்ரெம்பர் 5ஆம் திகதி 158 பேர் கொண்டுசெல்லப்பட்ட ஆண்டு அது. எப்படியோ, மறக்க முடியாத எண்ணாக அமைந்துவிட்டது. காயப்பட்டவரைத் தூக்கி முச்சக்கரவண்டிக்குள் மடித்துப் போடாமல், முள்ளந்தண்டை அசைக்காமல் வைத்திருந்து அந்த எண்ணை அழையுங்கள்.

பிறகு வருவது பொலிஸ் நிலைய வாசலில் நடக்கும் 'சமாதானம்'. மரணச்செலவுக்கு ஒரு தொகை, ஒரு கையெழுத்து. ஆண்துணை இல்லாத வீடுகளில் இது இன்னும் விரைவாக நடந்து முடிகிறது. இலங்கையில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். நட்டஈடு கோரி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிடலாம். அதற்குரிய காலம் இரண்டு ஆண்டுகள், அது கடந்தால் கதவு மூடிவிடும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மரண விசாரணை அறிக்கை, வைத்தியசாலைப் பத்திரங்கள், மோதிய வாகனத்தின் காப்புறுதி விபரம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். மாமிக்கு இதை யாரும் அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. ஊடகக் கற்கையில் பட்டம் வாங்கியிருந்தேன், இது தெரியாது.

வேகத்துக்குத் திரும்புவோம். எந்தச் சந்தியில், எந்த நேரத்தில், எந்த வாகனத்தால், யார் அடிபட்டார் என்ற விபரம் பொலிஸ் பதிவேடுகளில் இருக்கிறது. அதை ஒரு வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தாலே முதலில் எந்த இடத்தைத் திருத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் அதைக் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழில் எழுதலாம். தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

நான் இரண்டு விண்ணப்பங்கள் எழுதியிருக்கிறேன். ஒன்று பொலிஸுக்கு: கடந்த பத்து ஆண்டுகளில் வாழைச்சேனைப் பொலிஸ் பிரிவில் பதிவான வீதி விபத்துகள், இடம், நேரம், மோதிய வாகன வகை, இறந்தவர் நடந்தவரா ஓட்டியவரா என்ற பிரிப்போடு. மற்றது வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு: ஏ15இல் எங்கள் ஊர்ப்பகுதிக்கு விதிக்கப்பட்ட வேக எல்லை எது, அது கடைசியாக எப்போது மீளாய்வு செய்யப்பட்டது, எந்த அளவீட்டின் அடிப்படையில்.

அனுப்புவதற்கு முன் மாமிக்கு இரண்டையும் வாசித்துக் காட்டினேன். இடியப்பத் தட்டுகளை அடுக்கிக்கொண்டே கடைசி வரி வரை கேட்டார்.

"மாட்டப் பத்தி ஒண்டும் எழுதல்லியா புள்ள?"

மூன்றாவது விண்ணப்பம் பிரதேச சபைக்குப் போகிறது.